கண்ணாடியைத் துடைத்த விரல்

முப்பத்தோராண்டு தபால்காரனாக இருந்தவனுக்கு எந்த வீட்டு மோர் புளிக்கும், எந்த வீட்டு மோரில் பெருங்காயம் தூக்கலாக இருக்கும் என்பதெல்லாம் வாசலிலேயே தெரிந்துவிடும். வெயிலில் வந்தவனைத் தொண்டை நனையாமல் அனுப்பும் பழக்கம் பிள்ளையார்பாளையத்தில் இல்லை. எல்லா வீட்டிலும் குடித்தால் வயிறு தாங்காது. ஒரு வீட்டில் குடித்து மறு வீட்டில் மறுத்தால் அவர்கள் மனம் தாங்காது. ஆகவே திங்களன்று இன்ன வீடு, செவ்வாயன்று இன்ன வீடு என்று ஒரு முறை வகுத்துக்கொண்டேன். அந்த முறை இருந்தது யாருக்கும் தெரியாது. எல்லோரும் மகிழ்ச்சியாக இருந்தார்கள்.

ஸௌம்யா அம்மா, சென்ற வியாழக்கிழமை வங்கியின் தலைமை அலுவலகத்திலிருந்து வந்து என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டீர்கள். மாவட்டத்தில் வேறெந்தத் தெருவிலும் பாதிப்பேர்கூடக் கைரேகை அட்டையை ஏற்காதபோது, எங்கள் தெருவில் மட்டும் உதவித்தொகை வாங்கும் நாற்பத்துமூன்று பேரும் ஏற்றுக்கொண்டது எப்படி என்பது முதல் கேள்வி. இரண்டாவது கேள்வியைப் புறப்பட எழுந்த பிறகு, குரலைத் தாழ்த்திக் கேட்டீர்கள். எழுதித் தருவதாகச் சொன்னேன். எழுத உட்கார்ந்தபோதுதான் இரண்டுக்கும் விடை ஒன்றே என்பது புலப்பட்டது. ஆகவே முதலிலிருந்து வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தை உரியவர் கையில் சேர்த்ததும் தபால்காரன் வேலை முடிந்தது என்று விதிகள் சொல்லும். படிக்கத் தெரியாதவர் வீட்டில் அவன் வேலை அப்போதுதான் தொடங்கும். எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்கு நானே படித்துக் காட்டினேன். பதிலும் நானே எழுதினேன். படிக்கும்போது சில வரிகளை விட்டுவிடுவேன். நமச்சிவாயம் என்று ஒரு மூத்த நெசவாளர் இருக்கிறார். அவருடைய மகன் சூரத்துக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே ஒரு பெண்ணை மணந்துகொண்டு, இனி ஊருக்கு வருவதற்கில்லை என்று எழுதியிருந்தான். நான், வேலை அதிகம், தை மாதம் பார்க்கலாம் என்று படித்தேன். நமச்சிவாயம் இரண்டு தை மாதங்களை நம்பிக்கையோடு கழித்தார். மூன்றாவது தைக்குள் மகன் இல்லாமல் இருப்பது அவருக்குத் தானாகவே பழகிவிட்டது. அப்போது உண்மையைச் சொன்னேன். அவர் அழவில்லை. தறியில் உட்கார்ந்து, ஊடுநூல் ஓட்டும் நாடாவை எடுத்துக்கொண்டார். கடிதத்தை வந்த அன்றே முழுமையாகப் படித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

கலாவதி என்பவரையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளிக் குடியிருந்தவர். பாவு பிணைப்பது அவர் தொழில். ஒரு பாவு நெய்து முடிந்ததும், தறியில் எஞ்சிய பழைய இழைகளின் நுனியோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்கவேண்டும். நாலாயிரத்துக்கு மேற்பட்ட இழைகள்; விரலில் சாம்பலைத் தொட்டுத் தொட்டு முறுக்குவார்கள். முடிச்சுப் போடுவதில்லை. கலாவதி பிணைத்த பாவில் இழை விட்டுப்போனதாக யாரும் சொன்னதில்லை. அவர் கணவர் வேலைக்குப் போன இடத்தில் இறந்ததைச் சொன்ன தந்தியைக் கொண்டுபோனவன் நான். ஆரணியில் வாழ்க்கைப்பட்ட மகளிடமிருந்து வந்த கடிதங்களைப் படித்தவன் நான். மகளின் பிரசவமும், பேரனுக்குப் பல் முளைத்ததும், மாமியார் மனத்தாங்கலும் என் கண் வழியாகப் போய்த்தான் அவரிடம் சேர்ந்தன. அவர் வாழ்க்கையில் நான் அறியாத செய்தி ஒன்றுமில்லை. அவரும் என்னை அண்ணா என்றுதான் அழைப்பார்.

இரண்டாயிரத்து ஆறில் ஓய்வு பெற்றேன். மறு ஆண்டே உங்கள் வங்கி என்னை இந்தத் தெருவுக்கு முகவராக அமர்த்தியது. முதியோர், கைம்பெண்கள் உதவித்தொகையெல்லாம் இனி மணியார்டரில் வராது. ஆளுக்கு ஓர் அட்டை. அட்டையைச் சிறு இயந்திரத்தில் செருகிக் கண்ணாடியில் விரலை வைத்தால் பச்சை விளக்கு எரியும். நான் பணத்தைக் கொடுக்கவேண்டும். விரல் ஒவ்வாவிட்டால் சிவப்பு. விருப்பப்பட்டவர் சேமிக்கவும் செய்யலாம். செவ்வாயும் சனியும் நெசவாளர் சங்கத்தின் முன்கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்தேன்.

முதல் மூன்று வாரம் ஒருவரும் வரவில்லை. காரணம் சோம்பல் அல்ல, அவர்களுக்கு நியாயமான ஐயங்கள் இருந்தன. நூல் இழைக்கும் அலமு என்பவர், வாய்த்துடுக்கில் தெருவுக்கே முதல்வர், எல்லோர் சார்பிலும் வந்து கேட்டார்.

"மை இல்லாத கைநாட்டு எப்டிபா செல்லும்? நாளிக்கு நான் துட்டே வாங்கலன்னு சொல்லிட்டேன்னு வெச்சுக்கோ, நீ இன்னாத்தக் காட்டுவ? கண்ணாடியவா?"

அது மூடத்தனமான கேள்வி அன்று. வாழ்நாள் முழுவதும் மை தொட்டு வைத்த கைநாட்டுதான் அவர்களுக்குச் சான்று. அடுத்த செவ்வாய்க்கிழமை என் பழைய மைப்பெட்டியையும் ஒரு நோட்டையும் மேசைமேல் வைத்தேன். உடனே ஏழு பேர் வந்தார்கள். ஏழு பேரும் மையைத் தொட்டுவிட்டு நேரே இயந்திரத்தின் கண்ணாடியில் அழுத்திவிட்டார்கள். இயந்திரக் கம்பெனியிலிருந்து வந்திருந்த சிட்டிபாபு என்ற சித்தூர்க்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு முறையை மாற்றினேன்: முதலில் கண்ணாடி, அப்புறம் நோட்டில் மை. அந்த நோட்டால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை. ஆனால் நாட்டு வைத்துவிட்டுப் போகும்போது அவர்கள் முகத்தில் ஓர் அமைதி தெரிந்தது. உங்கள் அறிக்கையில் இதை எழுதிக்கொள்ளலாம்: புதியதை ஒருவர் ஏற்கவேண்டுமானால் பழையதை அவரிடமிருந்து பிடுங்கக்கூடாது, பக்கத்தில் அதற்கும் ஓரிடம் தரவேண்டும்.

அன்று அவர்களுக்கு ஒரு கதையும் சொன்னேன். ஓடையைக் கடக்க அஞ்சிய ஆடுகளிடம் ஓர் ஆமை வந்து, ஓடையை நம்பவேண்டாம், என்னை நம்பினால் போதும், என் முதுகை உங்களுக்குப் பல காலமாகத் தெரியுமே என்றதாம். ஆடுகள் ஒவ்வொன்றாக அதன் முதுகில் கால் வைத்துக் கடந்தனவாம். நமச்சிவாயம் பின்னாலிருந்து, நடு ஓடையில் ஆமை முங்கிப்போனால் என்ன செய்வது என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். முங்குவதால் ஆமைக்கு என்ன ஆதாயம் என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர், அதுவும் சரிதான் என்று தலையசைத்தார். நாற்பத்துமூன்று பேரும் அட்டை எழுதிக்கொள்ளச் சம்மதித்தது அந்த வாரத்தில்தான். அவர்கள் இயந்திரத்தை ஏற்கவில்லை, அம்மா. என்னை ஏற்றார்கள்.

தடை வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. இயந்திரம் அவர்களை ஏற்கவில்லை.

பட்டு இழை மெல்லியது என்று புடவை கட்டுகிறவர்கள் நினைப்பார்கள். ஐம்பதாண்டு அதை விரலில் ஓட்டியவர்களுக்குத்தான் அதன் கூர்மை தெரியும். நூல் இழைப்பவர், பாவு பிணைப்பவர், சரிகை சுற்றுபவர் விரல் நுனிகளெல்லாம் கூழாங்கல்லாக வழவழத்திருந்தன. மையில் தோய்த்து வைத்தால் நோட்டில் ஒரு கறுப்பு வட்டம் விழும். அது போதுமானதாக இருந்தது. கண்ணாடிக்குக் கோடுகள் வேண்டும். நாற்பத்துமூன்றில் இருபத்தொன்பது பேருக்குக் கோடுகள் இல்லை. மூன்று நாள் முயன்றோம். விரலை ஊதினோம், ஈரத்துணியால் துடைத்தோம், ஒவ்வொரு விரலாக மாற்றினோம். ஒவ்வொரு சிவப்பு விளக்குக்கும் அந்த முதியவர்கள் ஏதோ தவறு செய்தவர்களைப் போல என்னைப் பார்த்தார்கள். மாதக் கடைசிக்குள் பதிவு முடியாவிட்டால் அவர்களுடைய தொகை நின்றுவிடும் என்று சுற்றறிக்கை வந்திருந்தது.

மூன்றாம் நாள் மாலை எல்லோரும் போன பிறகு சிட்டிபாபு சொன்னார்: "சார், அட்டைக்கு ஒரு வெரலு வேணும், அவ்ளோதான். யாருதுன்னு அதுக்குத் தெரியாது. எனக்கும் தெரிய வேணாம் சார். நான் டீ குடிச்சுட்டு வரேன்."

அவர் தேநீர் குடித்துவிட்டு வர ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். நல்ல மனிதர். அதற்குள் இருபத்தொன்பது அட்டைகளிலும் என் விரல்களைப் பதிந்தேன். எல்லாவற்றுக்கும் ஒரே விரலை வைப்பது முறையாகப் படவில்லை. தெருவின் கிழக்கு வரிசையான கீழ்ச்சிறகு வீடுகளுக்கு வலக்கை ஆள்காட்டி விரல், மேல்சிறகுக்கு நடுவிரல், சந்துக்குள் இருப்பவர்களுக்கு மோதிரவிரல் என்று பிரித்துக்கொண்டேன். கலாவதிக்கு மட்டும் கட்டைவிரல்.

அடுத்த மாதம் பணம் வழங்கியபோது ஒரு வழக்கம் ஏற்பட்டது. அவர்கள் விரலை வைப்பார்கள். நான் அட்டையைச் செருகியபடி, கண்ணாடி மங்கலாக இருக்கிறது என்று சொல்லி, அதை என் விரலால் ஒருமுறை அழுத்தித் துடைப்பேன். பச்சை எரியும். அவர்கள் வைத்த நாட்டுதான் சற்றுத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது என்று எண்ணிக்கொள்வார்கள். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தம் கை செல்லாக் கையாகிவிட்டது என்பதை ஒருவரிடம் எப்படிச் சொல்வது?

முதல் மறுப்பு நமச்சிவாயத்துக்கு. ஒரு சனிக்கிழமை நல்ல போதையில் வந்தார். உதவித்தொகை முழுவதையும் உடனே கொடு என்றார். அவர் மனைவி வாசற்படியருகே முந்தானையை வாயில் வைத்தபடி நின்றிருந்தார். கண்ணாடியைத் துடைக்கக் கையை நீட்டினேன். நீண்டது இடக்கைச் சுண்டுவிரல். அதை எந்த அட்டையிலும் நான் பதிந்திருக்கவில்லை. சிவப்பு எரிந்தது. திட்டமிட்டுச் செய்ததன்று, விரல் தானாக முடிவெடுத்ததைப் போலத்தான் இருந்தது. செவ்வாயன்று அவர் குளித்து நீறணிந்து வந்தார். பச்சை எரிந்தது.

"மிஷினுக்கு வாசன தெரியுதுபா" என்றார் அலமு. கூடமே சிரித்தது. நமச்சிவாயமும் சிரித்தார்.

பிறகு அலமுவின் முறை வந்தது. அவருடைய அண்ணன் மகன் கைப்பேசிக் கடை வைப்பதாகச் சொல்லிக்கொண்டு ஒரு மாதமாக அவரை அரித்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் அவனே அவரை இழுத்துக்கொண்டு வந்து நின்றான். அலமு என் முகத்தைப் பார்க்கவில்லை. சிவப்பு எரிந்தது. அவன் இரண்டு நாள் முயன்று பார்த்துவிட்டுப் போனான். அடுத்த சனிக்கிழமை அலமு அரிசி டப்பாவுக்குள் ஒளித்துவைத்திருந்த பணத்தையெல்லாம் முந்தானையில் முடிந்து எடுத்துவந்து என் மேசைமேல் வைத்தார். "குடுன்னா குடுக்க மாட்டேங்குது பாரு, அதான் நல்ல மிஷினு. இத்தயும் உள்ள போட்டுரு" என்றார்.

முதல் கேள்விக்கு விடை இதுதான். உங்கள் அலுவலகத்தில் உள்ளவர்கள், கேட்டதும் கொடுக்கும் இயந்திரத்தைத்தான் மக்கள் விரும்புவார்கள் என்று நினைக்கிறார்கள். கேட்டதும் கொடுப்பது எங்கள் தெருவில் எதிர்வீட்டுக்காரரும் செய்வார். அதனால்தான் யாரிடமும் எதுவும் தங்குவதில்லை. தாம் மறுக்கமுடியாததைத் தமக்காக மறுக்கும் ஒன்றைத்தான் அவர்கள் நம்பினார்கள். மகனிடம், மருமகளிடம், கொழுந்தனிடம் "மிஷின் குடுக்கலபா" என்று சொன்னால் பேச்சு முடிந்தது. ஆறு மாதத்தில் இருபத்தொன்பது பேரும் சேமிக்கத் தொடங்கினார்கள். அதைப் பார்த்து மற்ற பதினால்வரும் சேர்ந்தார்கள். இயந்திரத்துக்குக் குங்குமம் வைத்தார்கள். கண்ணாடியில் படாமல் நான் பார்த்துக்கொண்டேன். நல்ல நாள் பார்த்துப் பணம் எடுக்க வந்தார்கள். எதற்காக எடுக்கிறோம் என்பதை மேசைமுன் நின்று என்னிடம் சொல்லிவிட்டு விரலை வைப்பது வழக்கமாயிற்று. நான் கேட்டதில்லை. சொல்லிவிட்டு வைத்தால் பச்சை எரிகிறது என்று அவர்களே கண்டுகொண்டார்கள்.

ஒரு பைசா நான் எடுத்ததில்லை. உங்கள் கணக்கர்கள் எத்தனை முறை பார்த்தாலும் அப்படியே இருக்கும்.

கலாவதியின் காரியத்துக்கு வருகிறேன். அவர் மற்றவர்களைவிட அதிகமாகச் சேர்த்திருந்தார். ஒன்றரை ஆண்டில் பதினோராயிரத்துச் சொச்சம். சென்ற ஆண்டு ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, கூட்டம் கலைந்த பிறகு வந்தார். எல்லாவற்றையும் எடுக்கவேண்டும் என்றார். எதற்கு என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. ஆகவே கேட்டேன்.

"சும்மாணா. ஒரு செலவு இருக்குது" என்றார், தரையைப் பார்த்தபடி.

அவருடைய மருமகன் அந்த வாரம் இரண்டு முறை ஆரணியிலிருந்து வந்துபோனதை நான் பார்த்திருந்தேன். ஷேர் ஆட்டோ வாங்கும் எண்ணம் அவருக்கு நெடுநாளாக உண்டு என்பது மகளின் கடிதங்களிலிருந்தே எனக்குத் தெரியும். விரல் தேய விரல் தேயச் சேர்த்த பணம். கண்ணாடியைத் துடைத்தேன். சிவப்பு எரிந்தது.

ஏன் என்று கேட்டார். பாவு பிணைத்துப் பிணைத்து உங்கள் ரேகை தேய்ந்துவிட்டது, அம்மா என்றேன். அது பொய்யன்று. உண்மையிலேயே தேய்ந்துதான் இருந்தது.

இரண்டாம் முறை, விரல்களை இரண்டு நாள் தேங்காயெண்ணெயில் ஊறவைத்துக்கொண்டு வந்தார். மூன்றாம் முறை வருவதற்குள் பத்து நாள் வேலைக்கே போகாமல் இருந்திருக்கிறார்; கை ஓய்ந்தால் கோடுகள் மறுபடி வளரும் என்று யாரோ சொன்னார்களாம். விரல்களை விளக்கடியில் விரித்துக் காட்டி, "இங்க பாருங்கணா, லேசா தெரியுதுல்ல?" என்றார். பார்த்தேன். நுனியில் மெல்லியதாக ஏதோ தெரிந்ததுபோல்தான் இருந்தது. சிவப்பு எரிந்தது. நான்காம் முறை பத்து விரல்களையும் ஒவ்வொன்றாக வைத்தார்; வைத்து முடித்த பிறகே அட்டையைச் செருகித் துடைத்தேன். இடையில் மாதாந்தர உதவித்தொகைக்கு மட்டும் பச்சை காட்டினேன். அவர் பட்டினி கிடக்கவேண்டும் என்பது என் நோக்கமன்று. சிறிய தொகைக்கு மங்கலான ரேகை போதும், மாதம் ஒருமுறைதான் அப்படி விடும் என்று விளக்கினேன். வங்கிக்கே போய்க் கேட்கலாமா என்றார். அங்கேயும் இதே அட்டை, இதே விரல்தான் என்றேன். அவர் தலையசைத்தார். முப்பதாண்டுகளாக நான் படித்துக் காட்டியதையெல்லாம் கேட்டுத் தலையசைத்ததைப் போலவே அசைத்தார்.

இதற்குள் அவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்பதைக் கவனியுங்கள்.

புரட்டாசியில் அலமு என் வீட்டுக்கு வந்தார். வழக்கமான சிரிப்பு இல்லை. நின்றுகொண்டே பேசினார்.

"கலாவதிக்கு மாருல கட்டிபா. நெல்லிக்கா கணக்கா இருந்தது இப்ப எலுமிச்சங்கா கணக்கா ஆயிக்கினு வருது. பெரியாஸ்பத்திரில பாத்துட்டு மெட்ராஸுக்குப் போன்னுட்டாங்க. ஆடிலேர்ந்து சொல்லிக்கினு இருக்காங்க. தங்கறதுக்கு, படம் எடுக்கறதுக்கு, ஊசிக்கு எல்லாம் துட்டு வேணும்ல. ஆம்பளையாண்ட அத எப்டிபா சொல்லுவா? நீதான் அந்த மிஷினாண்ட எதுனா சொல்லேன்."

பார்க்கிறேன் என்றேன்.

அன்று மாலை வரை அதைப் பற்றியே எண்ணிக்கொண்டிருந்தேன். வருத்தமாக இருந்தது, மறைக்கவில்லை. கணவர் இறந்த தந்தியைப் படித்துக் காட்டியபோது என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவர். மகள் வீட்டு வயிற்றுவலி, தலைவலி, மாதக்கணக்கு வரை என் வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டவர். அலமு யார்? வாயாடி, தெருவில் எல்லோருக்கும் எல்லாம் சொல்லிவிடுபவர். அவரிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை.

அடுத்த செவ்வாயன்று கட்டைவிரலை வைத்துவிடுவதாகவே இருந்தேன். இதை நீங்கள் நம்பவேண்டும். அவர் வந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். உடம்பு எப்படி இருக்கிறது, அம்மா என்று கேட்டேன். சொல்வதற்கு அதைவிட எளிய வாசலை யாரும் திறந்துவைக்க முடியாது.

"இருக்குதுணா. நல்லா இருக்குது" என்றார்.

சரி, என்ன செலவு என்று மறுபடியும் கேட்டேன். ஒரு செலவுதான் என்றார். கண்ணாடியைத் துடைத்தேன்.

அதன்பின் மூன்று முறை வந்தார். ஒவ்வொரு முறையும் கேட்டேன். ஒரு முறைகூடக் குரலை உயர்த்தவில்லை. இடது கையைத் தூக்க முடியாமல் வலது கையாலேயே முந்தானையைச் சரிசெய்துகொண்டார். அதைக் குறிப்பிட்டுக்கூடக் கேட்டேன். தறிமேடையில் இடித்துக்கொண்டேன் என்றார். அட்டையை மஞ்சள் துணியில் சுற்றி வைத்துப் பார்த்தார். வீரகத்தீஸ்வரர் என்று அவர் வேண்டிக்கொள்ளும் சாமியின் திருநீற்றை விரலில் தொட்டுக்கொண்டு வந்து வைத்தார். ஒரு நாள் என்னிடம், "மத்தவங்களுக்கெல்லாம் குடுக்குது. எங் கையில இன்னா பாவம்ணா இருக்குது?" என்று கேட்டார். பாவமெல்லாம் ஒன்றுமில்லை, தேய்மானம்தான் என்று ஆறுதல் சொன்னேன்.

மார்கழியில் அலமு கைத்தாங்கலாக அழைத்து வர, கடைசியாக ஒரு முறை வந்தார். அன்று நான் எதுவும் கேட்கவில்லை. அவராகவே சொல்வார் என்று எனக்குத் தோன்றியது. முகத்தில் அப்படி ஒரு தெளிவு இருந்தது. விரலை வைத்தார். நான் துடைத்தேன். சிவப்பு எரிந்தது. அட்டையை உருவி என் பக்கம் நகர்த்தினார்.

"இதுக்கு எங் கையப் புடிக்கல. உங்களாண்டயே இருக்கட்டும்ணா. இத்தினி நாளா உங்களுக்குத்தான் தொந்தரவு. எதயும் மனசுல வெச்சுக்காதீங்க."

அலமு அப்போது என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி நான் எதுவும் எழுத விரும்பவில்லை. அடுத்த செவ்வாய் வாருங்கள், பார்ப்போம் என்றேன்.

தை பிறந்து ஒன்பதாம் நாள் கலாவதி இறந்துபோனார். மருமகன் ஆடி மாதம் ஏன் வந்து வந்து போனார் என்பது அப்போதுதான் தெரிந்தது. சென்னைக்கு அழைத்துப் போவதற்காக வந்திருக்கிறார். என் பணம் இருக்கிறது, உங்கள் பணம் வேண்டாம் என்று கலாவதிதான் அவரைத் திருப்பித் திருப்பி அனுப்பியிருக்கிறார். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், வங்கிக் கடிதம் எல்லாவற்றையும் நானே அலைந்து வாங்கினேன். பதினோராயிரத்துச் சொச்சமும் ஒரு பைசா குறையாமல் மகள் கையில் சேர்ந்தது. அவள் என் காலில் விழுந்து எழுந்தாள். முன்பே போயிருந்தால் கலாவதி பிழைத்திருப்பாரா என்பது மருத்துவர்களும் உறுதியாகச் சொல்லமுடியாத ஒன்று.

ஒரே அட்டையில் ஒன்பது முறை மறுப்பு விழுந்திருக்கிறது, இயந்திரத்தில் கோளாறா என்று நீங்கள் கேட்டீர்கள். அதுதான் உங்கள் இரண்டாவது கேள்வி. கோளாறு எதுவும் இல்லை. அட்டைகளையெல்லாம் புதிய கணினிக்கு மாற்றும்போது இருபத்தொன்பது பேருக்கும் ஒரே ஆளின் விரல்கள் இருப்பது எப்படியும் தெரிந்துவிடும். ஆகவே இதையும் இப்போதே சொல்லிவிட்டேன். சிட்டிபாபுவைத் துன்புறுத்தவேண்டாம், அவர் தேநீர் குடிக்கத்தான் போனார். ஒன்பது முறையும் வேண்டுமென்றே தவறான விரலை வைத்தவன் நான். முதல் நான்கு முறை அவர் பணத்தைக் காப்பதாக எண்ணி வைத்தேன். ஐந்தாம் முறையிலிருந்து, அந்தப் பணம் எதற்கு என்று தெரிந்தே வைத்தேன்.

என்னை நீக்குவதானால் நீக்கிவிடுங்கள். ஆனால் நாளை செவ்வாய்க்கிழமை. பத்து மணிக்கே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். இருபத்தெட்டுப் பேருக்கு இன்னமும் என் விரல்தான். வேறொருவர் வந்து உட்கார்ந்தால் அவர்களுக்குப் பச்சை எரியாது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கலாவதியைப் பற்றி எனக்கு இன்றும் கோபம் கிடையாது. அவரிடம் நான் எதிர்பார்த்தது ஒரே ஒரு வார்த்தை. அதைக்கூட என்னிடம் சொல்ல மனம் வராதவருக்கு, நான் வேறு எப்படித்தான் உதவியிருக்க முடியும், அம்மா?